அண்ணியின் சிவப்புச் சட்டி

ஞாயிறு, இரவு.

எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி வாங்க, போன வாரம் அண்ணியோடு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடைக்குப் போனேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, காது வைத்துக் கேட்டு, மூடி கனமான சிவப்புச் சட்டியை எடுத்தேன். கூட வந்த குறிப்புத் தாளை அண்ணி பிரித்தார். நான் பிடுங்கி மடித்தேன். "தோசைக்கல்லுப் பழக்கற மாதிரித்தானுங்க அண்ணி. எண்ணெயத் தடவி, வெறுஞ்சட்டியாவே புகை வர்ற வரைக்கும் காய உடுங்க" என்றேன்.

இன்று திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டு விருந்து. வெறுமனே காய வைத்ததில் சட்டியின் எனாமல் உள்பூச்சு முழுக்க வெடித்திருந்தது. "புதுச் சட்டிய ஒரே நாள்ல பாழாக்கிட்டா. இவளுக்கு ஈயச்சட்டியே சாஸ்தி" என்று புதுச் சம்பந்திகள் முன்னால் அண்ணன் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "அண்ணி கைச்சூட்ட இரும்பே தாங்கலைங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் கொஞ்சம் சிரித்தார்.

கிளம்பும்போது மனது கேட்கவில்லை. "அப்படிக் காய வெக்கச் சொன்னது நான்தானுங்கண்ணா" என்றேன். அண்ணன் இன்னும் பலமாகச் சிரித்தார். "பாருங்க, அண்ணிக்குப் பரிஞ்சுக்கிட்டு என்னமாக் கதை கட்டறா" என்று சம்பந்தியிடம் என்னைக் காட்டினார்.

இத்தனை வருடம் கோமாளி வேஷம் போட்டதற்குக் கிடைத்த கூலி.

அண்ணி வாசல் வரை வந்தார். "உடு சாமி, சட்டிதானே" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நாளைக் காலை சம்பந்தியம்மாவைப் போனில் கூப்பிட்டு உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாளும் சிரிப்பார்.