அத்தை கேட்ட பூசை

மே 23, வெள்ளி
காலையிலேயே அனல். குறுவை நாற்று முளைவிட்டிருக்கிறது, தண்ணீர் காயவிடக் கூடாது. பட்டாளத்தில் இருக்கிற அவரிடமிருந்து இன்றும் போன் இல்லை. அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். எல்லையில் குண்டு விழுகிறதாம். செய்தி பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாமியாருக்கோ பட்டாளத்து சீரியல் பார்க்காமல் சோறு இறங்காது. மகன் நிற்கிற இடம் இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. இன்று அதில் ஒரு சிப்பாய்ப் பையன் சுடப்பட்டுச் செத்தான். அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"கல்யாணம் ஆவாத புள்ளடி. அவனுக்குன்னு அழ ஒரு ஆள் இல்ல."

"நடிப்பு அத்தை. இந்நேரம் மேக்கப்பைக் கழுவிட்டு பிரியாணி தின்னுக்கிட்டிருப்பான்."

அத்தை சிரிக்கவில்லை. தட்டை நான்தான் எடுத்துக் கழுவினேன்.

மே 24, சனி
பாபநாசம் கடைத்தெரு போய்வந்தேன். சோப்பு, தேங்காயெண்ணெய், அத்தையின் முழங்காலுக்குத் தைலம். டீக்கடையில் ஒருவர்: "போர் வரட்டும் சார், ஒரு கை பாத்துடலாம்." பஜ்ஜியை மென்றுகொண்டே சொன்னார். அறையலாம் போலிருந்தது.

சாயங்காலம் அத்தை நொண்டிக்கொண்டே மாதா கோயிலுக்குப் போய், சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரைப் பார்த்துவந்தார். எதற்கு என்றேன். "சும்மாதான்."

போன்: அதே.

மே 25, ஞாயிறு
மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் காலையில்தான் வந்தது. பூசைக்குப் போகாமல் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். அத்தை முழங்கால் வலி என்று படுத்துவிட்டார்.

பூசை முடிகிற நேரம். எதிர்வீட்டு ஆரோக்கியம் அக்கா வரப்பில் தலைவிரிகோலமாக ஓடிவந்தார். பின்னால் தெருவே.

"ஏண்டி விமலா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி!"

கட்டிக்கொண்டு அழுதார். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போய்விட்டார், ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அழுகை வரவில்லை. மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டுக்குத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து அத்தை அலறிய அலறல்! பிறகுதான் விஷயம் தெரிந்தது. யாருக்காக இந்தப் பூசை என்று கோயிலில் உபதேசியார் வாசித்திருக்கிறார்: "இறந்த ராணுவ வீரரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கேட்பவர் லூர்துமேரி." லூர்துமேரி என் அத்தை. எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போனது அவர் மகன் ஒருவர்தான்.

"யாருக்குக் கேட்டீங்க அத்தை?"

"டிவில செத்த புள்ளைக்குடி. அவனுக்கு ஒரு பூசை வச்சிட்டா, நம்ம புள்ள பக்கம் சாவு வராதுன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியம் அக்கா திட்டினார். எனக்குத் திட்ட மனசு வரவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் கூடப் போயிருப்பேன்.

ஆனால் வாசித்தது வாசித்ததுதானே. சாமி முன்னால், இந்த வீட்டுப் பேரைச் சொல்லி. அதை எப்படித் திரும்ப வாங்குவது? சாப்பிடவில்லை.

மே 26, திங்கள்
நாற்று பரவாயில்லை. ராத்திரி அத்தை பழையபடி டிவி முன்னால். நானும் உட்கார்ந்தேன், வீடு சத்தமில்லாமல் இருந்தால் பயமாக இருக்கிறது. ஒரே துப்பாக்கிச் சத்தம். போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"விமலா, சாப்பிட்டியா? அம்மா எப்படியிருக்கு?"

அவர்! அவரேதான்! "ஏங்க..." என்றேன்.

"அங்க என்ன சத்தம்?"

"சீரியலுங்க. பட்டாளத்துச்..."

"நிறுத்து விமலா. நிறுத்தும்மா."

கெஞ்சினார். மூச்சு இரைத்தது. வயலில் பாம்பைக் கண்டாலும் அசராத மனுஷன்.

அத்தை முழங்காலைப் பார்க்காமல் எழுந்தோடி டிவி வயரையே பிடுங்கினார். அதற்குள் போன் லைன் கட்டாகிவிட்டது. அது தெரியாமல் என் கையிலிருந்த போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "நிறுத்தியாச்சுய்யா. நிறுத்தியாச்சு."