உன் அறிவித்தலில் இல்லாத பெயர்

காலையில் பால் வாங்கப் போனபோது பார்த்தேன், தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில் உன் மரண அறிவித்தல் இன்னும் ஒட்டியிருக்கிறது. படத்தில் சிரிக்கிறாய். கீழே வழக்கம்போல உறவுமுறை: இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பிறகு ‘காலஞ்சென்ற’ என்று போட்டு உன் அண்ணனின் பெயர். அதோடு நிறுத்திவிட்டார்கள். உனக்கு ஒரு தம்பி பிறக்கவே இல்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாம் போன பிரெஞ்சு வகுப்பு நினைவிருக்கிறதா? வேலை முடிந்து வந்து தூங்கி வழியும் நம்மை எழுப்ப, ரீச்சர் ஒரு பழைய கிரேக்க நாடகத்தை எளிய பிரெஞ்சில் வாசிக்கத் தந்தார். அரியணைக்காக இரண்டு இளவரசர்கள் மோதி, ஒருவர் கையால் மற்றவர் சாகிறார்கள். ஒருவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம். மற்றவனைப் புதைக்கக்கூடாது, அவனுக்காக அழவும் கூடாது என்று புது அரசன் கட்டளை போடுகிறான். சகோதரி மீறுகிறாள். வாசிப்பில் நீ சகோதரி, நான் அரசன். என் பிரெஞ்சைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நீ மட்டும் என் காதுக்குள் கேட்டாய்: “என்னடி இது, எங்கட வீட்டுக் கதையை இவங்களுக்கு ஆர் சொன்னது?”

அன்று பஸ் தரிப்பில் பனிக்குள் நின்று முழுவதையும் சொன்னாய். ஊரில் அண்ணன் ஓர் இயக்கம், தம்பி இன்னோர் இயக்கம். தம்பியைத் துரோகி என்று அண்ணனின் இயக்கத்தார் சந்தியில் சுட்டுப் போட்டார்கள். உடலை எடுக்க வந்தால் அடுத்தது நீங்கள்தான் என்றார்கள். அம்மா வாசல் படலையைப் பிடித்தபடி நாள் முழுக்க நின்றார். பிறகு அண்ணனும் போரில் போனான். அவனுக்கு மாலை, மேளம், ஊர்வலம். இங்கே நினைவுநாள் மண்டபத்தில்கூடப் பெரிய படம்.

“ரெண்டு பேரும் ஒரு வயித்தில கிடந்தவங்கள் தானே,” என்றாய். பஸ் வந்தது, நீ ஏறவில்லை.

மாதா கோயிலில் இருவருக்கும் ஒரே பூசை கேட்டாய். பூசைக்குப் பெயர் எழுதிய அண்ணை நல்ல மனுசன்தான். “தங்கச்சி, மூத்தவற்ற பேரை வாசிப்பம். மற்றதை மனசுக்குள்ள நினையுங்கோ. ஏன் வீண் பிரச்சினை?” என்றார். பூசையில் அண்ணனின் பெயர் வாசித்ததும் நீ எழுந்து தம்பியின் பெயரை உரக்கச் சொன்னாய். செபம் சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை. நான் மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குப் பிறகு உன் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு சனமும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னாய்: “என்ர நோட்டீசிலயாவது அவன்ர பேர் வரவேணும். இவரிட்டைச் சொல்லு.” சொன்னேனடி. உன் கணவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “அக்கா, நான் பிள்ளையளோட இந்தச் சனத்துக்க தானே சீவிக்கவேணும்?” அந்த மனிதரோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது?

நிலம் இறுகிக் கிடப்பதால் உன்னையும் இன்னும் புதைக்கவில்லை. பனி கரையும்வரை கல்லறைத் தோட்டத்து அறையில் வைத்திருக்கிறார்கள். உனக்கென்றால் சித்திரையில் ஓர் இடம் நிச்சயம்.

உன் தம்பியின் பெயர் இனி என்னிடம்தான். வேலைக்குப் போகும்போது மெட்ரோவில் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். இந்த மடலிலாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன். அவனைச் சுட்டவர்களும் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். உன் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்.