வின்னியின் இடது கை

2025 மார்ச் 7, வெள்ளி

ஆபீஸில் ரத்த தான முகாம். தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னதாகவே ரயிலேறி எங்கள் ஊர் ஸ்கெலட்டனுக்கு வந்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயதிலும் இதே பொய். வின்னி தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமலே சிரித்தாள்: “இன்னா, இன்னிக்கும் ரத்தமா?”

மார்ச் 9, ஞாயிறு

நேற்று மத்தியானம் காற்று பலமாக அடித்தது. ஜன்னலை இழுத்துச் சாத்தப்போன வின்னியின் இடது மணிக்கட்டில், உடைந்த கண்ணாடி இறங்கிவிட்டது. என் மனைவிக்கு அடி — ஓடினேன். ரத்தம் சுவர்வரை பீறிட்டிருந்தது. காது அடைத்தது, அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது பக்கத்து வீட்டு வெங்கடம்மா அவள் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “எந்திரிங்க சார், ஆட்டோ வந்துடுச்சி.”

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள்.

நான் எதுக்கு அங்க இருந்தேன்?

மார்ச் 11

டாக்டர் சுமாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “கோழைத்தனம் இல்ல. ரத்தத்தப் பாத்ததும் சிலருக்குத் துடிப்பு கொறைஞ்சி, பிரஷர் எறங்கிடும். மூளைக்கு ரத்தம் பத்தாம மயக்கம் வரும். உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

அப்பா கறிக்கடை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரக்கம் என்று நினைத்திருந்தோம்.

மார்ச் 14

வின்னி இன்றுதான் சொன்னாள். “உங்க தல தரையில மோதுச்சி. போய்ட்டீங்கன்னே நெனச்சேன்.”

அதுவரை வலது கையால் வெட்டை அழுத்திப் பிடித்திருந்தாளாம். என்னைத் தூக்கத்தான் அந்தப் பிடியை விட்டிருக்கிறாள்.

மார்ச் 15

தூங்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

சர்ச் வாசலில் எதிர் வீட்டு லாய்ட் எல்லார் முன்னாலும் கேட்டான்: “பொண்டாட்டிக்கு அடிபட்டா நீ மயக்கம் போட்டியாமே?” சிரித்தார்கள். வின்னி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். இந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

மே 6

மணிக்கட்டில் அறுந்த நரம்பு இன்னும் சேரவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. வருஷம் ஆகலாம், வராமலே போகலாம். தைக்க வந்த துணிகளை வெட்டாமலே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பலகை சிவந்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். அவளுடைய ஆள்காட்டி விரல். அவளுக்குத் தெரியவேயில்லை.

காது அடைத்தது. அவளையும் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பனியனைக் கழற்றி விரலைச் சுற்றி அழுத்தினேன். வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். வின்னி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழுத்திப் புடிச்சிருக்கீங்களா? எனக்குத் தெரியலியே.”

“புடிச்சிருக்கேன்.”