எட்டை அடித்துவிட்டு ஏழு போடுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

சலாம். முழங்கால் வலி தணிந்ததா? குதிரைகள் எல்லாம் பனிக்காலத்தைத் தாண்டிவிட்டனவா? நான் நோவசிபிர்ஸ்கில் நன்றாகவே இருக்கிறேன். தையற்கூடத்தில் இப்போது கோட்டுக்குக் கை வைத்துத் தைக்கிறேன்.

போன வாரம் நம் வீட்டுக்குப் போன் செய்தேன். குபாத் சித்தப்பா எடுத்தார். "கல்யாண விருந்துல அத்தன பேர் முன்னால உன் நம்பரப் போட்டேன்டி. அப்படி ஒரு நம்பரே இல்லையாம்! பொய் நம்பர் குடுத்துட்டு அங்க யாரோட சுத்துற? எங்க மானமே போச்சு! வேலைய விட்டுட்டு வந்து எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேளு!" என்று கத்தினார். நான் வாய் திறக்குமுன் என் போனில் காசு தீர்ந்துவிட்டது. என் காசிலேயே என்னைத் திட்டி முடித்தார்.

அது பொய் நம்பர் இல்லை அப்பா. இங்கே எல்லோரும் நம்பரை எட்டில் தொடங்கித்தான் சொல்வார்கள். அது இந்த நாட்டுக்குள் மட்டும் செல்லும். நம் நாட்டிலிருந்து என்றால் அந்த முதல் எட்டை அடித்து நீக்கிவிட்டு, அதன் இடத்தில் இரண்டு சைபரும் ஏழும் போட வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே. ஒரு எட்டுக்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன், வேலையை விட்டு வரவும் மாட்டேன்.

லாரிக்கார துர்சுன் அண்ணன் அடுத்த முறை வரும்போது உலர்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் கூப்பிடும்போது வாசல் கதவைத் திறந்து வையுங்கள். நாய் குரைப்பது கேட்கட்டும். ஞாயிறு முழுக்க அறையில்தான் இருப்பேன்.

இந்தக் கடிதத்தை வாங்கிப்போக துர்சுன் அண்ணன் வாசலில் ஹாரன் அடிக்கிறார். சித்தப்பா அதே ஆட்களைக் கூட்டிவைத்து, அவர் வீட்டுப் போனிலிருந்து கூப்பிடட்டும். இங்கே எடுத்துப் பேசுகிறவருக்குச் செலவு கிடையாது. அவர் திட்டுவதை முழுக்கக் கேட்கிறேன். பிறகு நான் பேசி முடிக்கும்வரை அவர் போனை வைக்கக் கூடாது. பில் அவருக்குத்தான் வரும்.

உங்கள் மகள்
ஜிப்பார்