இடம் மாறிய இரண்டு குச்சிகள்

ஃபோர்டன்,
மே 2, வியாழக்கிழமை மாலை.

அன்பு மருமகள் ஜோரீனுக்கு,

ராட்டர்டாம் டிராம்களின் முன்னாள் சக்கரவர்த்தியும், எட்டுக் கோட்டை கொண்டானும், உன் தாயின் ஒரே தம்பியுமான ஏவர்ட் மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை ஹெர்மீனும் நலம். நியூஸிலாந்தில் நீயும், நாளையோ மறுநாளோ பிரசவம் என்று காத்திருக்கும் உன் மகள் மிரெலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைக் கையால் எழுதி, கடிதத்தைப் படம்பிடித்து உன் கைபேசிக்கு அனுப்பும்படி ஹெர்மீனிடம் சொல்லப் போகிறேன். போனில் பேசினால் நான் இதை வேடிக்கைக் கதை ஆக்கிவிடுவேன். நீயும் சிரித்துவிடுவாய். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். பச்சைக் குப்பைத் தொட்டியைப் புதன்கிழமை தவறாமல் தெருவில் வைத்தோம். விடுமுறைக்கு உன் வீட்டைக் கொடுத்தாயே, அந்த மனதுக்கு ஈடாக நான் செய்த நல்ல காரியங்கள் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, உன் ஊரைச் சுற்றியுள்ள எட்டுக் கோட்டைகள்மீது என் படையெடுப்பு தொடங்கியது. உன் பழைய சைக்கிளில் நான். மின்சார சைக்கிளில் ஹெர்மீன், எப்போதும் எனக்கு அரை மைல் முன்னால். பீச் மரங்கள் அன்று காலைதான் துளிர்த்தவை போல மினுங்கின. வழியோரமெல்லாம் இடுப்பளவுக்கு வெள்ளைப் பூ. முதல் கோட்டையின் அகழியில் ஓர் அன்னம் என்மீது போர் தொடுத்தது. அதன் இறக்கையை விரித்தால் இரண்டு டிராம் பெட்டிக்குப் போர்த்தலாம். ஹெர்மீன் அது வாத்து என்கிறாள். மூன்றாவது கோட்டையில் குடியிருக்கும் அம்மாள் சன்னலைத் திறந்து, “தோட்டம் பாக்கலாம், ரோஜாவ மட்டும் மிதிக்காதீங்க” என்றார். என் முன்னோர் நானூறு ஆண்டுகள் காத்திருந்த சரணாகதி அது என்று நான் குனிந்து வணங்கினேன். ஹெர்மீன் அந்த அம்மாளைப் பார்த்து, “கண்டுக்காதீங்க, வேலைய விட்டதுலேர்ந்து இப்படித்தான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது கோட்டையிலிருந்து திரும்பும்போது, முந்தைய நாள் மன்னர் பிறந்தநாளுக்கு வாங்கிய ஆரஞ்சுக் காகிதக் கிரீடம் இன்னும் என் தலையில் இருந்தது. கிரீடம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, ஈட்டிதான் இல்லை. அப்போது உன் பக்கத்து வயல்காரர் பேரெண்ட் வோல்டரிங்கின் புல்வெளி நடுவே, பத்தடி இடைவெளியில், நுனியில் வெள்ளைப் பட்டை கட்டிய இரண்டு மூங்கில் குச்சிகளைப் பார்த்தேன்.

ஆமாம் ஜோரீன். அந்தக் குச்சிகள்தான்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டுப் போனபோது ஹெர்மீன் வழியிலிருந்தே கத்தினாள்: “வேணாங்க. யாரோ காரணத்தோடதான் நட்டிருப்பாங்க. இந்த நாட்டுல காரணமில்லாம ஒரு குச்சிகூட நிக்காது.” முப்பத்தொரு ஆண்டுகள் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நின்று டிராம் ஓட்டியவன் நான். அன்றைக்கு நிற்கவில்லை. ஒன்றைப் பிடுங்கி எனக்கு வைத்துக்கொண்டேன். மற்றதைப் பிடுங்கி ஹெர்மீனிடம் நீட்டினேன், அவள் வாங்கவில்லை. வழிகாட்டிப் பலகையை எதிரி நாட்டு இளவரசன் என்று அறிவித்துப் பாய்ந்தேன். வாய்க்காலில் விழுந்தேன். எதிரே வந்த நான்கு சைக்கிள்காரர்கள் கைதட்டினார்கள். தலைக்கு மேலே இரண்டு கொண்டை ஆட்காட்டிப் பறவைகள் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அவையும் என்னைப் பாராட்டுவதாக ஹெர்மீனிடம் சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் காது எரிகிறது.

குச்சிகளைத் திருப்பி நட்டேன். வயலின் நடுவில் அல்ல. ஏற்கெனவே சப்பாத்துக்குள் தண்ணீர். மறுபடி ஈரப் புல்லில் நடக்கச் சோம்பல். வேலிக் கதவுக்குப் பக்கத்தில், அதே பத்தடி இடைவெளியில், நேர்க்கோடாக நட்டேன். தள்ளி நின்று அழகு வேறு பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை பேரெண்ட் புல் அறுத்தார். பதினொரு மணிக்குப் பின்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு, மரச்செருப்பை வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு உன் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது மனிதர், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “குச்சிய சுத்தி ஒரு திட்டு விட்டுத்தான் அறுத்தேன். வேலியோரமா நின்னுது. நடுவுல பாத்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். ஆனா என் கண்ண நம்புறதா, உங்க மருமக நட்ட குச்சிய நம்புறதா? குச்சியத்தான் நம்பினேன். கடைசில பாத்தா நடுவுல நாலு முட்டை. முட்டை இல்ல, ஓடு. உள்ள குஞ்சு இருந்துது.”

நான் காப்பி ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை, அதுதான் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. அவர் மேலும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பதினோரு வருஷமா உங்க மருமக வந்து, கூட்டுக்கு அடையாளமா குச்சி நடட்டுமான்னு கேப்பா, நான் முடியாதும்பேன். இந்த வருஷந்தான் சரின்னேன். ஊருக்குப் போற அவசரத்துல தப்பா நட்டுட்டா போல. குறை சொல்லல. ஆனா இனிமே என் வயல்ல குச்சி வேணாம். இதை இன்னொரு தடவ என் கையால செய்ய மாட்டேன். அவகிட்ட இப்பச் சொல்லாதீங்க, பிரசவ வீட்ல இருக்கா.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுத்தேன். பிறகு இரண்டாவதும் கொடுத்தேன். நம் நாட்டில் காப்பிக்கு யாராவது இரண்டாவது பிஸ்கட் கொடுத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நல்ல மனிதர், நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஹெர்மீன், குளிர்பதனப் பெட்டியின் கதவில் நீ ஒட்டியிருந்த குறிப்புத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஏழாவது குறிப்பின் கீழே நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய்: பேரெண்டின் வயலில் இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஆட்காட்டிக் கூடு இருக்கிறது, குச்சிகள் நிற்கின்றனவா என்று தினமும் வழியிலிருந்தே பார்க்கவும். “எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?” என்றாள். மூன்றாவது வரைக்கும். அதில்தான் காப்பித் தூள் எங்கே இருக்கிறதென்று இருந்தது.

மேலே எட்டுக் கோட்டை கொண்டான் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். ஆறுதான். அதற்குப் பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேரெண்டின் வேலிவரை போனேன். அவர் கம்பி முடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் பேச வேண்டும் என்றேன். “இப்ப நேரமில்ல. வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் காப்பிக்கு வாங்க” என்றார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று நாள் தள்ளிப் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஹெர்மீன் கேட்டாள்: “சொல்றதுக்கு எத்தன நிமிஷம் ஆகும்? ‘நான்தான் பிடுங்கினேன்.’ அவ்வளவுதானே?” அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. வாழ்நாள் முழுக்க வாத்துகளை டிராம் பெட்டியாக்கிய வாய்க்கு அந்த இரண்டும் வரவில்லை.

நாளை பத்தரைக்குப் போகிறேன். ஹெர்மீன் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். உன்மீது தவறில்லை என்பதை முதலில் சொல்வேன், மற்றதை அதற்குப் பிறகு. அவருக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன். காலையில் என்னை அழைக்காதே. உன் குரலைக் கேட்டால் அழைப்பு வந்தது என்று சாக்குச் சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

இன்னொரு செய்தி. அந்த ஜோடி இன்னும் போகவில்லை. அறுக்காத கீழ்மூலையில் ஆண் பறவை தரையில் நெஞ்சை அழுத்தி அழுத்திக் குழி பறிப்பதை ஹெர்மீன் உன் தொலைநோக்கியில் பார்த்தாள். மறுபடி முட்டையிடலாம் என்கிறாள். அப்படியானால் அங்கே குச்சி நட வேண்டும், அதற்குப் பேரெண்ட் சம்மதிக்க வேண்டும். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கப் போவதில்லை. குச்சியை மட்டும் கேட்கப் போகிறேன். உன் பறவைக் குழுவிலிருந்து யாராவது வந்து நடட்டும். நான் வழியை விட்டு இறங்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நம் நாட்டு வழக்கப்படி உன் கழிவறையில் தொங்கும் பிறந்தநாள் நாள்காட்டியைப் பற்றி. நம் வீட்டு ஆட்கள் எல்லோரும் அதில் இருக்கிறோம். மே 3-ஆம் தேதிக்கு எதிரே நீ ‘நால்வர்’ என்று எழுதி, கொண்டை வைத்த நான்கு சின்னத் தலைகள் வரைந்திருக்கிறாய். யாரென்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஹெர்மீனிடம், உனக்கு நாலு பேரை ஒரே நாளில் பெற்ற சிநேகிதி இருக்கிறாள் என்று கதை கட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன். நாளைக்குத்தான் மே 3, அந்த நாலு முட்டையும் பொரிய வேண்டிய நாள். அதை நான் அடிக்கவில்லை. அடிக்க எனக்கு உரிமையில்லை.

நவம்பர் 9-இல் என் பெயரும் இருக்கிறது. ஊர் திரும்பியதும் அதை நீ அடித்துவிட்டால் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

மிரெலுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். பிள்ளை நல்ல குரலோடு பிறக்கட்டும். நாள்காட்டியில் இந்த வாரம் முழுக்க மற்ற வரிகள் காலியாகத்தான் இருக்கின்றன. வந்து உன் கையாலேயே பிள்ளையின் பெயரை எழுது.

இப்படிக்கு,
ஏவர்ட்