ஆகாயப் பேன்

கோவில்பட்டி
4.3.2002

தம்பி மந்திரமூர்த்திக்கு,

உன் மதினி உமாதேவி எழுதுகிறேன். முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. நீ நலமாக இருப்பதைப் பேப்பரிலேயே பார்த்துவிட்டேன். கழுத்தில் மாலை, கன்னத்தில் சதை, பக்கத்தில் எங்கள் விமானம். கோவில்பட்டி விஞ்ஞானி தன்னந்தனியாகக் கட்டிய விமானம், வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் கல்லூரி மைதானத்திலிருந்து பறக்கப் போகிறது என்று போட்டிருக்கிறார்கள். தன்னந்தனியாக என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். மகள் பூங்கொடி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பசுவந்தனைக் காட்டில் இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, உளுந்து விதைத்த விதைகூடத் திரும்பவில்லை. பெட்டிப் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி வாங்கிவந்து சட்டைக் காலர் தைக்கிறேன். உன் அண்ணனுக்கு வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இடது கையால்தான் சோறு அள்ளுகிறார். யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் பசியில்லை என்று சொல்லிவிடுவார்.

நீ மறந்திருப்பாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தவர் உன் அண்ணன். பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கு வெளிநாட்டிலிருந்து வந்த கழிவுக் காகித மூட்டையில், அட்டையும் கடைசிப் பக்கங்களும் கிழிந்துபோன பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. ஓர் எழுத்துப் புரியாமல் மூன்று மாதம் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாண்டிச்சேரியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவரின் விலாசத்தைத் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதி வாங்கினார்.

அதைச் சாப்பாட்டு நேரத்தில் நம் இருவருக்கும் வாசித்துக் காட்டுவார். நூறு வருஷத்துக்கு முன்னால் நீராவி எஞ்சினுக்கு வௌவால் இறக்கை கட்டிப் பார்த்தவரின் கதை. பீப்பாய் மாதிரி வட்ட இறக்கை வைத்து, நட்டமாக நின்று மேலே கிளம்பி, 1959இல் கீழே விழுந்த விமானத்தின் கதை. பிரெஞ்சுக்காரர்கள் எது எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது என்று பேர் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள், அதுதான் பெரிய விஷயம் என்பார். கடைசியாக வந்தது மிஞே என்பவர் 1930களில் வரைந்த குட்டி விமானம். ஏழை எளியவர்களும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளட்டும் என்று வரைந்தாராம். முன்னால் ஓர் இறக்கை, பின்னால் ஓர் இறக்கை. பிரெஞ்சில் அதன் பேர் ஆகாயப் பேன். பேனைப் பிடித்தா பறக்கப்போகிறோம் என்று நீதான் விழுந்து விழுந்து சிரித்தாய்.

மூன்று வருஷம் கட்டினோம். மரம் முழுக்க அவர் இழைத்தது. எஞ்சினைப் பொருத்தியது நீ, அதை நான் மறைக்க மாட்டேன். இறக்கைத் துணி முழுக்க என் தையல். பேப்பர் படத்தில்கூட அந்த இரட்டைத் தையல் தெரிகிறது.

கட்டி முடித்ததும் உடனே பறந்தாக வேண்டும் என்று நீ குதித்தாய். இந்த விமானத்தைப் பிறகு தடை செய்துவிட்டார்கள் என்பதோடு புத்தகம் கிழிந்துபோயிருக்கிறது, ஏன் என்று தெரியாமல் யாரும் ஏறக்கூடாது, வாத்தியாருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றார் அவர். பத்தே நாளில் போலீசுக்கு மொட்டைக் கடுதாசி போனது. சங்கரபாண்டியன் கடல் தாண்டி இருக்கிற ஆட்களுக்கு விமானம் கட்டிக் கொடுக்கிறான் என்று. பதினோரு நாள் வைத்து விசாரித்துவிட்டு, வழக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். போன கை வேறு, திரும்பி வந்த கை வேறு. அதற்குள் விமானத்தை ஒளித்துவைக்கிறேன் என்று சொல்லி நீ லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டாய்.

அந்தக் கடுதாசியை அவருக்கு வாசித்துக் காட்டித்தான் அடித்திருக்கிறார்கள். இறக்கை எத்தனை அடி, எஞ்சின் எந்த ஊரில் வாங்கியது, எல்லாம் அதில் இருந்ததாம். அது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர் எழுதவில்லை, நான் எழுதவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு எந்த வாத்தியாரும் வேண்டியிருக்கவில்லை.

அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

2000ஆம் வருஷம் செப்டம்பரில் வாத்தியாரின் பதில் வந்தது. அந்த விமானத்தில் ஏறிப் பலபேர் செத்திருக்கிறார்கள், காரணம் இன்னது என்று விளக்கமாக எழுதியிருந்தார். அதைப் படித்ததும் உன் அண்ணன் உட்காரவில்லை. உடனே தம்பிக்கு எழுது என்று என்னிடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒட்டி, விலாசம் எழுதி, தபாலாபீஸ் வரைக்கும் போனேன். பெட்டியில் போடவில்லை. கொண்டுவந்து உளுந்துப் பானைக்குள் வைத்துவிட்டேன்.

பதில் வந்ததா என்று மாதாமாதம் கேட்பார். இல்லை என்பேன். வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் இருக்கிறான் என்று அவரே உனக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வார். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் தெய்வமில்லை, ஆனாலும் பதினெட்டு மாதம் நின்றேன். நீ விழுந்த செய்தி எந்தக் காலைப் பேப்பரில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

நேற்று அந்தப் படத்தை அவரும் பார்த்தார். பார்த்த உடனே எழுந்து சட்டையைத் தேடினார். "ஏட்டி, இவன் ரெண்டு எறக்கைக்கும் நடுவுல எடைவெளியை மாத்தவே இல்லயே. நம்ம கடுதாசி போய்ச் சேரலயோ? நான் கோயம்புத்தூர் போறேன்" என்றார். பஸ் கம்பியைப் பிடிக்க முடியாத மனிதர். நான் ரிஜிஸ்டர் தபால் போடுகிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நீ விழுந்து செத்தால், விஞ்ஞானத்துக்காக உயிரைக் கொடுத்தான் என்று ஊர் முழுக்கத் தட்டி வைப்பார்கள். அந்த மொட்டைக் கடுதாசியும் உன்னோடு சேர்ந்து எரிந்துவிடும். அதை நான் விடமாட்டேன்.

ஆகவே கேட்டுக்கொள். மூக்கு கீழே சாய்ந்துவிட்டால் எவனும் ஓட்டுகிற கம்பியைத் தன் பக்கம் இழுப்பான். இந்த விமானத்தில் இழுத்தால் முன்இறக்கையின் பின்ஓரம் இறங்கிப் பின்இறக்கையை நெருங்கும். நடுச்சந்தில் காற்று பாய்ந்து வால்பக்கத்தைத் தூக்கும். இழுக்க இழுக்கத் தலைகீழாகத்தான் போவாய். இடைவெளியைக் கூட்டி, முன்இறக்கையை வேறு மாதிரி நிறுத்த வேண்டும். அதன் அளவு உன் அண்ணன் தலையில் இருக்கிறது. அதைச் செதுக்குகிற கையைத்தான் நீ இல்லாமல் ஆக்கிவிட்டாய்.

வாத்தியார் கடிதத்தின் நகலைக் கல்லூரி முதல்வருக்கும் அனுப்பிவிட்டேன். உன்னை ஏறவிட மாட்டார்கள். மாலையோடு வந்த அத்தனை பேர் முன்னாலும், நீ தன்னந்தனியாகக் கட்டிய விமானத்தில் என்ன கோளாறு என்று நீயே நின்று சொல். சொல்லும்போது யார் கட்டியது என்பதையும் சொல்லிவிடு.

பானைக்குள் கிடந்த பழைய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரியை அவர் சொன்னபடியே எழுதினேன்: "நடந்தது நடந்துபோச்சு தம்பி, வீட்டுக்கு வா, ரெண்டு பேரும் சேந்து சரிபண்ணுவோம்." பதினெட்டு மாதம் அது உனக்குக் கிடைக்காமல் செய்தவள் நான். அந்தப் பாவம் என்னுடையது. பேர் போட்டே ஒத்துக்கொள்கிறேன், இது மொட்டைக் கடுதாசி இல்லை. தபால்காரரிடம் நீயும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். உன் கையெழுத்தோடு அந்த ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் உன் அண்ணனிடம் காட்ட வேண்டும்.

தம்பி, நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். நூறு வயது வரைக்கும் ஒரு நோய்நொடி இல்லாமல் இருந்து, ஒவ்வொரு வேளைச் சோற்றையும் உன் வலது கையால் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் மதினி,
சங்கரபாண்டியன் மனைவி உமாதேவி