முகத்துவாரம் திறந்திருக்கிறது, சம்பந்தி

என்மேல் ஒருநாளும் கோபப்படத் தெரியாத என் சம்பந்திக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திவசத்துக்கு வந்துவிட்டுப் போன வாரம்தான் ஆம்பூர் திரும்பினேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாத சேதி ஒன்று இருக்கிறது. முகத்துவாரம் திறந்திருக்கிறது. நீங்கள் கடைசிவரை நம்பாத அரசாங்கம்தான் திறந்தது.

பாலாறு கடலில் சேருகிற இடத்தில் உங்கள் ஊர். அதே ஆற்றுக்கு மேலே, தோல் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிரிவில் என் வேலை. செங்கல்பட்டில் படிக்கப் போன என் மகள் கலைவாணி, கட்டினால் உங்கள் மகனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. நீங்களோ, "மீன் கொழம்பு வெக்கத் தெரியலன்னா பரவால்ல, துன்னத் தெரிஞ்சா போதும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

முதல் தடவை உங்கள் ஊருக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? கழிமுகச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் தோலில் முடி நீக்குகிற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வருகிற அதே வாடை. எங்கள் பாவம் இவ்வளவு தூரம் ஓடிவந்து மகள் வாசலில் நிற்கிறது என்றே நினைத்தேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"இன்னா சம்பந்தி நீங்க! உசுரு இருக்கற சேறு இப்டிதான் நாறும். நாறலன்னாதான் பேஜாரு."

சேறு நன்றாகத்தான் இருந்தது. மீன்தான் இல்லை. கடல் மணலைத் தள்ளித் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிட்டிருந்தது. மாப்பிள்ளை வெறும் வலையோடு கரையேறுகிறார் என்று கலைவாணி போனில் சொல்வாள். பெற்ற மனசு கேட்குமா? இங்கே ஒரு ஷூ கம்பெனியில் அவருக்கு வேலை பிடித்துவைத்தேன். கட்டிங் பிரிவு, நிழலில் வேலை. நீங்கள் மறுத்துப் பேசவில்லை. "ஒரு மழ பாத்துட்டு அனுப்பறேன் சம்பந்தி" என்று மட்டும் சொன்னீர்கள்.

அப்போதுதான் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். மணலை அள்ளி வழி வெட்டுவோம், அலையாத்திச் செடி நடுவோம், செடிக்குத் தண்ணீர் போக மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டுவோம் என்றார்கள். "மீனக் காணோம், முள்ள மட்டும் வெட்றானுங்க" என்று ஊரையே சிரிக்கவைத்தீர்கள். ஆனால் செடி தலையெடுக்கும்வரை அங்கே வலை கட்டக் கூடாது என்று கூட்டத்தில் கேட்டபோது, உங்கள் அப்பா காலத்திலிருந்து வலை கட்டிய இடத்தை முதலில் விட்டுக்கொடுத்தது நீங்கள்தானாமே? நம்பிக்கை இல்லாதவர் எதற்காக அதைச் செய்தீர்கள்? மகன் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்றா? என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. மழைக்கு முன்பே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

மழை வந்தது சம்பந்தி. வெட்டிய வழியில் மணல் சேரச் சேர மறுபடி வந்து அள்ளினார்கள். பட்டுப்போன செடிகளைப் பிடுங்கி வேறு நட்டார்கள். வனத்துறை அம்மா ஒருவர் இடுப்பளவு சேற்றில் நிற்பதைப் பார்த்து, கலைவாணி தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

திவசத்தன்று படையல் முடிந்ததும், கம்பெனியில் இனிக் காத்திருக்க மாட்டார்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் என்னைப் படகில் ஏற்றினார். கடல் ஏறுகிற நேரம். வாய்க்காலுக்குள் தண்ணீர் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. முழங்கால் உயரச் செடிகளுக்கு நடுவே மடவை மீன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. நீங்கள் விட்டுக்கொடுத்த இடத்தைத் தாண்டிப் போய் அவர் வலை வீசினார். இறால் துள்ளியது.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. நான் வர்ல."

"வந்தா நானே திருப்பி அனுப்பிடுவேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

ஒரு மழை கேட்டு என்னை நிறுத்திவைத்தீர்களே, அதற்கு நன்றி. என் மகளின் வீட்டை இருந்த இடத்திலேயே இருக்கவைத்ததற்கு நன்றி. அந்த வனத்துறை அம்மாவிடமும் கைகூப்பி நன்றி சொல்லி, நீங்கள் கிண்டல் செய்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் பக்கம் ஆறு பெரும்பாலும் வெறும் மணல்தான். பெருமழையில் வெள்ளம் வந்தால் மட்டும் உங்கள் ஊர்வரை ஓடும். அந்த மாதிரி நாளில்தான் எவனாவது என்னிடம் வந்து, சுத்தம் செய்யாத கழிவுநீரைக் காட்டி, "வெள்ளத்தோட வெள்ளமா தொறந்து வுட்டுடுப்பா, யாருக்குத் தெரியப் போவுது" என்பான். கீழே நீங்கள் உங்கள் வலையை அவிழ்த்துவிட்டீர்கள். மேலே நான் வேலையில் இருக்கிறவரை அந்தக் கழிவுநீரை ஆற்றில் விடுகிற வால்வு திறக்காது. வேலையே போனாலும் திறக்காது.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவன்,
ஆம்பூர்.